இறங்கிப் போன பனை

இலுப்பூர் வட்டாரத்தில் அறிவுச்செல்வனைத் தெரியாத வீடு குறைவு. மின்சார வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்துவார், மீட்டரை அண்ணாந்து பார்ப்பார், எண்ணை ஏற்றிவிட்டு நாய் எழுந்து வருவதற்குள் கிளம்பிவிடுவார். வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான ஆள், பேச்சும் குறைவு. நிரந்தரமாக ஒரு கழுத்துவலி உண்டு. அதற்கு மீட்டர் மட்டும் காரணம் இல்லை என்பது நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்தது.

நான் போனது அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள. சவரியப்பன் ஐயாவுக்கு எண்பத்தொரு வயது. மறதி நோய் மூன்றாவது வருடத்தில் இருந்தது. அறிவுச்செல்வனின் மனைவி வனிதா பள்ளி ஆசிரியை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் வீட்டில் ஐயா தனியாக இருப்பார், அதனால் வீட்டோடு தங்கும் ஆள் தேடினார்கள். முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து இருபத்திரண்டு வருடமாக நான் செய்துவரும் வேலை இது. அமராவதி என்ற என் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சிஸ்டரம்மா.

கஜா புயல் அடித்த வருடம் எங்கள் மாவட்டத்தில் கம்பம் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. ரீடிங் எடுப்பவர்களையும் கம்பம் தூக்க அனுப்பினார்கள். ஒரு இரவு வேலை முடிந்து வயல் வரப்பில் மல்லாந்து படுத்தபோது அறிவுச்செல்வன் மேலே பார்த்திருக்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்கு இல்லை. மிருகசீரிட நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு சின்னக் கறை தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தும் போகவில்லை. அது நெபுலா, நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் ஒளிரும் புகைமூட்டம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். அதைப் படம் எடுக்க வேண்டும் என்று அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அளக்கிற ஆள் இருட்டைத் தேடி அலைகிறார் என்று வனிதா சொல்வார்.

இருட்டு எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ள அவருடைய வேலை உதவியது. எந்த ஊரில் தெருவிளக்கு கூடியிருக்கிறது, எந்த ஊரில் எட்டு வீடுதான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திருமயத்துக்குத் தெற்கே போய்ப் பார்த்தார், காரைக்குடி வெளிச்சம் வானத்தைக் கெடுத்தது. மீமிசலுக்குப் போனார், படகு விளக்குகளும் லென்ஸில் படியும் உப்புக்காற்றும் சரிப்படவில்லை. கடைசியில் தன் வீட்டுக்குப் பின்னால் நானூறு அடி தள்ளி இருக்கும் பொட்டலே போதும் என்று முடிவு செய்தார். தெற்கேயும் தென்கிழக்கேயும் தைலமரக்காடு. வெளிச்சம் இல்லை.

அவருடைய கருவிகள் ஒரு தோள்பைக்குள் அடங்கும். கல்யாணப் படம் எடுப்பவரிடம் வாங்கிய பழைய கேமரா, ஒரு முக்காலி, டிபன் பாக்ஸ் அளவில் ட்ராக்கர் என்ற ஒரு பெட்டி. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகரும், படத்தில் கோடாக இழுபடும். அந்தப் பெட்டி வானம் நகரும் வேகத்திலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டே போகும். அதற்கு முதலில் துருவ நட்சத்திரத்தை நேராகப் பிடித்துப் பெட்டியை நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் அது அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும், பாதி நாள் புழுதியில் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் நிறுத்த முடியும். குத்துமதிப்பாக நிறுத்தினால் நீண்ட நேரப் படம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் இருபது வினாடிதான் கொடுப்பார். அப்படி நானூறு, ஐந்நூறு எடுத்து எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். ஒரு படத்தில் ஒன்றுமே தெரியாது. நானூறை அடுக்கினால் சிவந்த புகை எழுந்து வரும். கஞ்சி குடிக்க முடியாத நோயாளிக்குச் சின்ன ஸ்பூனில் பல முறை கொடுப்பது மாதிரி என்று எனக்குப் புரிந்தது.

கணினி இன்னொரு வேலையும் செய்யும். நட்சத்திரங்களோடு சேர்ந்து இல்லாத எதையும், விமானமோ மின்மினியோ எதுவாக இருந்தாலும், எடுத்து எறிந்துவிடும். முடிவில் வரும் படத்தில் நிலைத்திருப்பது மட்டும்தான் இருக்கும். இதை அறிவுச்செல்வன் எனக்கு மூன்று முறை விளக்கினார். பேசாத ஆள் பேசுகிறாரே என்று நானும் கேட்டுக்கொண்டேன்.

இனி ஐயாவைப் பற்றி. அவர் அந்தத் தைலமரக்காட்டில் முப்பது வருடம் வாட்சராக இருந்தவர். இரவில் மரம் வெட்டிக் கடத்துவது அப்போது அதிகம். காட்டின் தென்கிழக்கு முனையில் ஒரு பனைமரத்தடியில் இவருடைய இடம். எதிர் முனையில், நானூறு மீட்டர் தள்ளி, மூக்கன் என்பவருடைய இடம். இரண்டு பேரும் குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்ளக் கூடாது. குரல் கேட்டால் ஆள் எங்கே இருக்கிறது என்று திருட வந்தவனுக்குத் தெரிந்துவிடும். டார்ச்தான் பேச்சு. இரவு ஒன்பது மணிக்கு இவர் மூன்று முறை அணைத்து அணைத்து அடிப்பார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மூன்று வெட்டு. எதிரில் இருந்து மூன்று வெட்டு பதில் வந்தால் உட்காரலாம், கண் அயரலாம். பதில் வராவிட்டால் வரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஒரு முறை மூக்கனைப் பாம்பு கடித்து அவர் பதில் போட முடியாமல் கிடந்தபோது, விடியும்வரை ஐயா நின்றிருந்தாராம். எதிரே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். நின்ற இடத்தை விட்டால் அந்த வழியாக மரம் போய்விடும் என்றார். மூக்கன் அன்று பிழைத்துக்கொண்டார்.

அந்த மூக்கன் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அவர் நின்ற முனையில் மரங்களை வெட்டிய பிறகு மறுபடி நடவில்லை. அறிவுச்செல்வன் கேமரா வைக்கும் பொட்டல் அதுதான்.

ஐயாவுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது. ஒன்பது மணி மறக்கவில்லை. அந்த நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பார். நான் வருவதற்கு முன்பு அதில் பேட்டரி இல்லாமல் வைத்திருந்தார்கள். எரியாத டார்ச்சை அழுத்தி அழுத்திப் பார்த்து ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்வார். நோயாளியின் கையில் பழகிய பொருள் இருக்க வேண்டும், அது பொம்மையாக இருக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சி. நான் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். மூன்று வெட்டு அடிப்பார், காத்திருப்பார், மறுபடி அடிப்பார். பத்து நிமிடத்தில் கால் கடுத்து, எதற்கு நின்றோம் என்பது மறந்து, படுத்துவிடுவார்.

போன வருடம் மாசி அமாவாசை. வனிதா ஏதோ பயிற்சி வகுப்புக்குத் திருச்சி போயிருந்தார். அறிவுச்செல்வன் எட்டரைக்கே பொட்டலில் முக்காலியை நட்டுவிட்டார். அன்றைய குறி கரீனா என்ற நெபுலா. அந்த மாதத்தில் அது ஒன்பது மணிவாக்கில் தென்கிழக்கில் காட்டுக்கு மேலே எழும்பும். எழும்பும்போதே கேமராவை அதன்மேல் பூட்டி ஓடவிட்டுவிடுவார். முதல் நூறு படங்களில் மரமும் மண்ணும் புழுதியும்தான் விழும். அவற்றைப் பார்க்காமலே அழித்துவிடுவது அவர் வழக்கம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கேமரா பாட்டுக்கு இருபது வினாடிக்கு ஒன்று எடுத்துக்கொண்டிருக்கும்.

அன்று ஒன்பது மணிக்கு வண்டிப்பாதை வழியாக வந்தார். தோசை வைத்தேன். வைத்துவிட்டு ஐயாவைப் பார்க்கப் போனேன். கட்டில் காலி. கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதற்கு இரண்டு தாழ்ப்பாள். இந்த நோய் உள்ளவர்கள் மேலே அண்ணாந்து தேட மாட்டார்கள், அதனால் மேல் தாழ்ப்பாளைத்தான் போட வேண்டும். அன்று கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் போட்டிருந்தேன். அது என் தவறு. எட்டரைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள் இடையில் ஒரு முறை எட்டிப் பார்க்கவும் இல்லை. மகன் வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்த நேரத்தில் அப்பா வயல் வழியாகப் போயிருக்கிறார்.

செருப்பு இருந்தது. டார்ச் இல்லை.

இரவெல்லாம் தேடினோம். ஊர் ஆட்கள் இருபது பேர் வந்தார்கள். கோயில் வளாகம், சாலை, இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு, மோட்டார் ரூம் ஒன்று விடாமல் பார்த்தார்கள். சவரியப்பண்ணே, சவரியப்பண்ணே என்று காட்டோரமாகவே கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பனைமரத்தைத் தாண்டியும் போனதாகப் பிறகு சொன்னார்கள். ஒரு பதிலும் இல்லை. பொட்டலுக்கு மட்டும் யாரும் போகவில்லை, அங்கே ஆள் இல்லை என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே. விடிவதற்கு முன் அறிவுச்செல்வன் போய் முக்காலியை எடுத்து வந்தார். பேட்டரி தீரும்வரை அது வானத்தோடு திரும்பிக்கொண்டே படம் எடுத்திருந்தது.

காலை ஏழு மணிக்கு அவர் அந்த முதல் நூறு படங்களைத் திறந்தார். அப்பா பொட்டல் பக்கம் வந்திருந்தால் விழுந்திருப்பாரே என்ற எண்ணம். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துப் படத்தில், கருப்பான காட்டின் விளிம்பில், மூன்று வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அடுத்த படத்தில் மூன்று புள்ளி. அதற்கடுத்ததில் மூன்று. ஏறக்குறைய எண்பத்தைந்து படங்களில், சிலவற்றில் மட்டும் இடைவெளி விட்டு, மூன்று மூன்றாக. முகம் இல்லை, உருவம் இல்லை. அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ நம்மைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பது மாதிரி இருந்தது.

ஒவ்வொரு படத்திலும் அந்தப் புள்ளிகள் முந்தைய படத்தைவிடக் கொஞ்சம் கீழே இருந்தன. ஒன்பது முப்பத்தொன்றுக்குப் படத்தின் அடி விளிம்பைத் தொட்டன. அதற்குப் பிறகு இல்லை.

அறிவுச்செல்வன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "குவாரிக்குள்ள எறங்கிட்டாரு, சிஸ்டரம்மா," என்றார்.

பனைக்கும் பொட்டலுக்கும் நடுவில் பழைய கல்குவாரிப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அறுபது அடி ஆழம், பச்சைத் தண்ணீர். படத்தில் கீழே இறங்கினால் அந்த இடம்தான். எட்டரைக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு, கொக்கி, ரப்பர் படகு. ஊரே கரையில் நின்றது. மதியம் வனிதா வந்து சேர்ந்தார். ஒரு ஆடு, இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பாதி கிடைத்தன. ஐயா கிடைக்கவில்லை. ஆழத்தில் பாறை இடுக்கு இருக்கிறது, நாளைக்குத் தானாக மேலே வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடலாமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். உடம்பைப் பார்க்காமல் நான் எதற்கும் சொல்வதில்லை என்றேன்.

ஆறு மணிக்கு அறிவுச்செல்வனுக்கு மோர் கொண்டு போனேன். காலையில் இருந்து வாயில் ஒன்றும் படவில்லை. குவாரி ஓரத்தில் வேலிக்கருவை அடியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். விரல் ஒரே சாவியை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த எண்பத்தைந்து படங்களும் அதற்குப் பின் எடுத்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், முடிந்ததும் முதலில் இருந்து ஓடும். புள்ளிகள் இறங்கும், மறையும், மறுபடி மேலே இருந்து இறங்கும். டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

அங்கே ஒரு பனை நின்றது. முதல் படத்தில் முழு மரமும் தெரிந்தது. புள்ளிகள் மறைந்து கொஞ்ச நேரத்தில் உச்சி மட்டும். அப்புறம் நாலு ஓலை. அப்புறம் அதுவும் இல்லை. தரை வாயைத் திறந்து ஒரு பனைமரத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது மாதிரி இருந்தது.

"தம்பி, இந்தப் பனை எங்க போகுது?" என்று கேட்டேன்.

"எந்தப் பனை?"

"இந்தப் புள்ளிக்குப் பக்கத்துல நிக்கிதே. ஐயா குவாரிக்குள்ள எறங்குனாரு, சரி. பனையுமா கூடவே எறங்குச்சு?"

அவர் விரல் நின்றது. திரும்ப முதலில் இருந்து ஓட்டினார். இந்த முறை பனையைப் பார்த்தார். ஓட்டி முடித்ததும் டம்ளரைத் தரையில் வைத்தார், அது சாய்ந்து மோர் கொட்டியது.

"பனை எறங்கல. கேமரா மேல ஏறுது," என்றார். "நான்தானே ஏத்திவிட்டேன். எல்லாருக்கும் வாய் வலிக்கச் சொன்னேனே... அப்பா எங்கயும் போகல சிஸ்டரம்மா. அரை மணி நேரமும் அந்தப் பனைக்குப் பக்கத்துலயே நின்னுருக்காரு."

ஏழு வருடமாக அந்தப் பெட்டியோடு இரவைக் கழித்தவர், அது செய்யும் ஒரே வேலையை மறந்துவிட்டார். அப்பாவைத் தேடுகிற கண்ணுக்குப் படம் வெறும் படமாகத்தான் தெரிந்திருக்கிறது. மூன்று புள்ளி வரிசையாக விழுந்ததும் அதனால்தான். மூன்று வெட்டும் ஒரே இடத்தில் இருந்துதான் வந்தன. நகர்ந்தது கேமரா.

எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. வெளிச்சம் நேராக லென்ஸைப் பார்த்து அடித்திருக்கிறது. ஐயா கேமராவைப் பார்த்து எதற்காக அரை மணி நேரம் அடிக்க வேண்டும்? அந்தப் பெட்டியில் விளக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஓடும்போது சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும் என்றார். கருப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார், அது விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவ்வளவுதான். வீட்டு ஜன்னலில் இருந்து எத்தனையோ இரவு அடித்துப் பார்த்தும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அன்று பழைய இடத்துக்கே போய் நின்றிருக்கிறார், மூக்கனின் முனையில் ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. ஆனால் அது மூன்றோடு நிற்காமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அது பதில் இல்லை. பதில் வராவிட்டால் அசையக் கூடாது. ஆட்கள் குரல் கொடுத்தால் வாயைத் திறக்கவும் கூடாது.

"அப்ப இன்னமும் அங்கதான் இருக்காரு," என்றேன். "எந்திரிங்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை தப்பாகச் சொல்லப் பயந்தார் என்று நினைக்கிறேன். வனிதாவிடம் மட்டும் தலையசைத்துவிட்டு நடந்தார். குவாரியைச் சுற்றிக்கொண்டு பனைக்குப் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. பனையடியில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் மாடு நுழையாமல் காட்டைச் சுற்றி வெட்டிய நீளமான பள்ளம், இடுப்பளவு ஆழம். உள்ளே உதிர்ந்த தைல இலை மேடாகக் கிடந்தது. காற்று இல்லை. இலை வாசம் மூக்கில் ஏறியது. அந்த இலை மேட்டில் ஒரு இடத்தில் வட்டமாகக் கண்ணாடி மின்னியது. டார்ச்சின் முகம். அது எங்களைப் பார்த்து இல்லை, பொட்டலைப் பார்த்து நீட்டியிருந்தது. அதற்குப் பின்னால் இலைகளுக்குள் இரண்டு கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

அறிவுச்செல்வன் அப்பா என்று ஒரு சத்தம் போட்டார்.

இலைக்குள் இருந்து கிசுகிசுப்பாகப் பதில் வந்தது. "கத்தாத. ஓடிருவானுக."

பள்ளத்துக்குள் இறங்கினேன். மூச்சு சீராக இருந்தது. நாக்கு காய்ந்து தோல் மாதிரி இருந்தது. இடது மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது, விழுந்தபோது ஊன்றியிருக்க வேண்டும். கால் விரலை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். இடுப்பை மெதுவாக அழுத்திப் பார்த்தேன், முகம் சுளிக்கவில்லை. முந்தானை நுனியைக் கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன், உறிஞ்சினார். விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். தூக்கலாம் என்று அறிவுச்செல்வனிடம் சொன்னேன்.

ஐயா தூக்க விடவில்லை. வலது கையில் இருந்த டார்ச்சை விட்டுவிட்டு, பள்ளத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார். அந்த வயதில் அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மகன் கெஞ்சினார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். இழுத்தால் தோள் நழுவும், இல்லையென்றால் இடுப்பு போகும். தண்ணீர் இல்லாமல் ஒரு இரவும் ஒரு பகலும் போய்விட்டது. இன்னொரு இரவு தாங்காது.

"மூக்கன் பதில் போடல," என்றார் ஐயா. "நான் எப்புடி வர்றது?"

நான் அறிவுச்செல்வனைப் பொட்டலுக்குப் போகச் சொன்னேன். கேமரா வைக்கும் இடத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்து மூன்று வெட்டு அடிக்க வேண்டும். போகிற வழியில் டார்ச்சைப் போடவே கூடாது, வழியில் வெளிச்சம் ஆடினால் அது பதில் இல்லை என்று ஐயா பிடியை இன்னும் இறுக்குவார். நான் உங்களைப் பார்த்து ஒன்றும் அடிக்க மாட்டேன், பதில் கிடைத்ததும் தூக்கிவிடுகிறோம் என்றும் சொன்னேன். அவர் டார்ச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இருட்டில் இறங்கினார். கல்லும் முள்ளுமான வழி. குவாரியைச் சுற்றிப் போக வேண்டும். எப்படி நடந்தாலும் ஆறேழு நிமிடம்.

நான் ஐயாவின் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினேன். என் கடிகாரத்தில் இருட்டிலும் முள் தெரியும். முழு ஒரு நிமிடம் எண்ணுவது என் பழக்கம், பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது கிடையாது. எழுபது வரை எண்ணியிருப்பேன். நிமிடம் இன்னும் முடியவில்லை.

பொட்டலில் வெளிச்சம் எழுந்தது. ஒன்று. அணைந்தது. இரண்டு. அணைந்தது. மூன்று.

பழைய பல்ப் டார்ச்சில் வரும் மஞ்சள் நிறம். அவசரமில்லாமல், ஒரே அளவு இடைவெளியோடு, தினமும் அடித்துப் பழகிய கை அடித்த மாதிரி.

ஐயாவின் விரல்கள் வேரில் இருந்து தானாகக் கழன்றன. இலைக்குள் துழாவி டார்ச்சை எடுத்தார், பொட்டலை நோக்கி நீட்டினார், அழுத்தினார். பேட்டரி செத்துப்போயிருந்தது. டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டார்.

நான் நாடியை முதலில் இருந்து எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. பிறகு குரல் கொடுத்தேன். தீயணைப்பு ஆட்கள் குவாரியில் இருந்து ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். மணிக்கட்டுக்கு ஒரு அட்டையை வைத்துக் கட்டச் சொல்லி, தலை, இடுப்பு, கால் மூன்றையும் ஒரே மட்டமாகப் பிடித்துத் தூக்க வைத்தேன். தூக்கிக் கரையில் வைத்தபோது பொட்டலில் மறுபடி வெளிச்சம் வந்தது. இப்போது வெள்ளையாக, அவசர அவசரமாக, மூன்று முறை.

ஐயா ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இவன் எதுக்கு ரெண்டாந்தடவ போடுறான்?" என்றார். "தண்ணி போட்டுட்டானா?"

தீயணைப்பு ஆட்களில் ஒருவர் சிரித்தார். யாரைச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

அறிவுச்செல்வன் திரும்பி வந்ததும் முதல் கேள்வியாக, அடித்தவுடனே பார்த்துவிட்டாரா என்று கேட்டார். குவாரி ஓரத்தில் ஒரு முறை சறுக்கி விழுந்துவிட்டதாகவும், அதனால் நேரமாகிவிட்டதாகவும் சொன்னார். முழங்கால் சிராய்த்திருந்தது. எத்தனை தடவை அடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, மூன்று வெட்டு என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். ஊர் ஆட்களும் தீயணைப்பு ஆட்களும் அந்த நேரத்தில் குவாரியின் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள், பொட்டலில் ஒருவரும் இல்லை. வழிப்போக்கர் யாராவது இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது மூன்று வெட்டு, அது கிடைத்தது. ட்ரிப் ஏற்ற நரம்பு கிடைக்குமா என்பதுதான் அப்போது என் கவலை.

ஆறு நாளில் ஐயா வீடு திரும்பினார். மணிக்கட்டு கூடியது, கொஞ்சம் கோணலாக.

அந்த இரவின் படங்களை அறிவுச்செல்வன் ஒரு மாதம் கழித்துத்தான் அடுக்கினார். நெபுலா நன்றாக விழுந்திருந்தது, செம்மண் கரைந்த தண்ணீர் மாதிரி. அதில் பனையும் இல்லை, டார்ச்சும் இல்லை. அந்தப் படத்தை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. இப்போதெல்லாம் முதல் நூறு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறார். பெட்டியின் சிவப்பு விளக்கில் இரண்டு சுற்று டேப் ஒட்டியிருக்கிறார். கேமராவை விட்டுவிட்டுச் சாப்பிட வருவதில்லை, தூக்குச்சட்டியில் கொண்டு போகிறார்.

இரவு வேலைக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒன்பது மணிக்கு ஐயா ஜன்னலில் இருந்து மூன்று வெட்டு அடிப்பார். அறிவுச்செல்வன் பொட்டலில் இருந்தாலும் சரி, சும்மா டார்ச்சோடு போனாலும் சரி, அங்கிருந்து மூன்று வெட்டு பதில் அடிப்பார். மழை நாளிலும் போவார். பதில் வந்ததும் ஐயா படுத்துவிடுவார், மாத்திரையைக்கூட டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். நான் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன்.

சில நாள் அறிவுச்செல்வன் வாசலில் இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஐயா டார்ச்சைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்துவிடுகிறார். என்ன ஐயா, அதற்குள் படுத்துவிட்டீர்கள் என்று கேட்டால், அதுதான் போட்டுவிட்டானே என்கிறார். நான் ஜன்னலைச் சாத்தி, போர்வையை இழுத்துவிட்டு, வாசலுக்குப் போய் இன்றைக்கு நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.